கல்யாணம் முடிந்த பிறகு ஓடிய நாடகம்

என் மல்லி அக்கா,

உன்னைக் கண்டுபிடித்துவிட்டோம். தளவாய்புரத்தில், நமக்கு முன்பின் தெரியாத ஒருத்தியின் பீரோவில், அவளுடைய கல்யாணக் கேசட்டின் கடைசியில் நீ இருந்தாய். உள்ளூர் கேபிள் டிவிக்காக நீ நடித்த நாடகம் முழுதும் இல்லை. ஒரு வாரத்துப் பகுதி மட்டும்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னம் போலவோ இருக்குமே, அப்படி இருக்கிறது. வலிக்கவில்லை. இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

உன் மகள் சுபாவுக்கு இப்போது ஏழாவது மாதம். சென்னையிலிருந்து வந்து ராஜபாளையத்தில் என்னோடு இருக்கிறாள். வளைகாப்புக்கு வளையல் எடுக்க இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். கடையில் நின்ற ஒரு பெரியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, நீ கேபிள் நாடகத்துல நடிச்ச மல்லிகா மகதான? அப்படியே உரிச்சு வச்சிருக்க" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுபா கேட்டாள். "அம்மா நடிச்சாங்களா சித்தி? நீங்க சொன்னதே இல்லையே."

"நான் பாத்ததில்ல" என்றேன். உண்மைதான். அந்த நாடகம் ஓடியபோது நான் மதுரையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தாலும் பார்க்க முடியாது. நம் வீட்டில் கேபிள் ஏது?

"அப்ப அம்மா பேசுனது எங்கயோ இருக்கு" என்றாள் சுபா. அவளுக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்திருக்கிறது. "மூஞ்சி போட்டோவுல இருக்கு, அது போதும்னு இருந்தேன். இப்ப உள்ள இருக்கறதுக்குக் காது கேக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நான் உள்ள இருந்தப்ப என்னத்தக் கேட்டு வளந்தேன்னு எனக்கே தெரியல. அம்மா குரல் எப்படி சித்தி இருக்கும்?"

என்ன சொல்வது, அக்கா? நிச்சயம் முடிந்த புதிதில் அத்தான் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். நான் போய் எடுத்தேன். நீ என்று நினைத்து அவர் கொஞ்சிய கொஞ்சலை எல்லாம் கேட்டுவிட்டு, "அத்தான், நான் வசந்தா" என்றதும் போனை வைத்துவிட்டாரே. "ரெண்டு கழுதைக்கும் ஒரே தொண்டை" என்று அம்மா சிரித்தாள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாதாரணமாத்தான் இருக்கும்" என்றேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாடகம் எடுத்த பரமசிவம் அண்ணாச்சியைத் தேடிப் போனோம். உனக்குத் தெரிந்த ஒல்லி மனிதர் இல்லை இப்போது. கேபிள் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிசிடிவி கேமரா மாட்டிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். சுபாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, பால்கோவா வாங்கிவரச் சொல்லி, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"கேசட்டா? அது அப்பவே போச்சேம்மா. அப்ப நாடகத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே கேசட்டுதான். அஞ்சாறு வாரத்து நாடகத்த ஒண்ணுல வச்சிருப்போம். முகூர்த்த மாசம் வந்துட்டா கேசட்டு தட்டுப்பாடு. மேலயே கல்யாணத்த ஏத்தி மாப்பிள்ள வீட்டுக்குக் குடுத்துருவோம். ஊருக்கே தெரியுமே இது."

ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் அவரிடம் கூச்சமே இல்லை. நான் எழுந்துவிட்டேன். இல்லாததைத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சுபா எழவில்லை.

"கேசட்டு எம்புட்டு நேரம் ஓடும் மாமா?"

"மூணு மணி நேரம்."

"கல்யாணம் மூணு மணி நேரம் ஓடுமா?"

அண்ணாச்சி சிரித்தார். "நம்மூர்க் கல்யாணம் எங்கம்மா மூணு மணி நேரம் ஓடும்? தாலி ஏறுன மறு நிமிசம் பூராப் பயலும் பந்திக்குப் பறந்துருவானே" என்றவர், தலையில் கைவைத்துக்கொண்டார். "அடியில கெடக்குமே! கடைசி வாரம் அழியாம அடியில கெடக்குமே!"

அன்றைக்கே சுபா வாட்ஸ்அப்பில் செய்தி போட்டாள். அந்த வருடங்களில் எடுத்த கல்யாணக் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நாங்கள் நகல் எடுத்துத் தருகிறோம், கல்யாணத்துக்குப் பிறகு வருவது மட்டும் எங்களுக்கு வேண்டும் என்று. அண்ணாச்சி பழைய வீசிஆர் ஒன்றைத் துடைத்து உயிர் கொடுத்தார்.

வந்தவற்றில் பாதி பூஞ்சை. உன் புகுந்த ஊரான சுந்தரபாண்டியத்தில் ஒருவர், நாடாவை உருவி வயலில் குருவி விரட்டக் கட்டிவிட்டேன், நன்றாக மினுங்கியது என்றார். நீ அந்த வயல் ஓரமாக நடந்திருப்பாய். அல்லது நீயே அந்த வயலில் காற்றில் படபடத்திருப்பாய். யாருக்குத் தெரியும்?

மிச்சத்தை உட்கார்ந்து பார்த்தோம். எத்தனை கல்யாணம்! யாருடைய அத்தையோ யாருக்கோ விபூதி பூசுகிறார். யாரோ கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு இலையை மறைக்கிறார்கள். யார் பேசுவதும் கேட்காது. எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். கடைசியில் கும்பிடும் இரண்டு கைகள், நன்றி என்று ஓர் அட்டை. அதன்பிறகு இரைச்சல். ஒவ்வொரு முறையும் சுபா முன்னால் சாய்வாள், இரைச்சல் நிற்கும் வரை பார்ப்பாள், பின்னால் சாய்வாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தளவாய்புரத்திலிருந்து பொன்னுத்தாய் கூப்பிட்டாள். வீட்டில் நான்கு மிஷின் போட்டு நைட்டி தைப்பவள். "எங்கிட்ட இருக்கு. ஆனா என் கல்யாணத்த நான் தனியா அனுப்ப மாட்டேன். கூட நானும் வாரேன்" என்றாள். சொன்னபடி கேசட்டை ஈரிழைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடையில் வந்து இறங்கினாள்.

"நேரே கடைசிக்குப் போயிரலாமா?" என்றார் அண்ணாச்சி.

"அதெப்படி? கல்யாணம் பாக்காம நாடகமா? எங்கய்யா இருக்காக இதுல. போடுங்க."

போட்டார். அவளுடைய அப்பா வந்தார், பந்தலில் யாரையோ அதட்டினார், போனார். அவர் வரும்போதெல்லாம் பொன்னுத்தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சுபாவிடம், "கல்யாணம் முடிஞ்சதும் ஒரு நாடகம் ஓடும்மா. எல்லாரும் பொண்ணுக்குப் பாத்திரம் பண்டம் குடுப்பாக. எங்க மாமனார் எனக்கு அரைகுறை நாடகம் குடுத்தாருன்னு இவளக் கேலி பண்ணுவேன்" என்றார்.

"பேசாம இரிய்யா. அந்த அக்கா முடிவுல பஸ் ஏறுனாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாம கெடக்கேன்" என்றாள் பொன்னுத்தாய்.

கும்பிடும் கைகள் வந்தன. நன்றி வந்தது. ஒரு கீறல். நீ வந்தாய்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையம். அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை என்னுடையது, நான் ஊரில் இல்லாத தைரியத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறாய். பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் பார்க்கவில்லை. தம்பியாக நடிக்கிறவனிடம் திரும்பி, வீட்டைப் பார்த்துக்கொள், நான் மதுரைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய்.

உன் வாய் அசைந்தது. அரை நொடி கழித்துக் குரல் வந்தது. அது உன் குரல் இல்லை.

தேன் தடவிய மாதிரி, நிறுத்தி நிதானமாக, துணிக்கடை விளம்பரம் வாசிக்கிற குரல். நீ என்றைக்கு அக்கா நிதானமாகப் பேசினாய்?

சுபா அழுதாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு. பிறகு வயிற்றில் கையை வைத்து, "கேக்குதா? ஒங்க ஆச்சி பேசுதாக. கேளு" என்றாள். பொன்னுத்தாய் அவள் முதுகைத் தடவினாள். சுபா என் பக்கம் திரும்பி, "ஒங்க குரல் மாதிரி இல்லவே இல்ல சித்தி. எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள்.

"ம்" என்றேன்.

அவள் மறுபடி போடச் சொல்லி, போனில் பதிவு செய்ய ஆரம்பித்தபோது, அண்ணாச்சி கண்ணைக் காட்டிவிட்டு வெளியே போனார். நானும் போனேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்க போல."

"அது எங்கக்கா குரல் இல்ல."

"இல்லம்மா. எனக்கே மறந்துபோச்சு, வாயசைவும் குரலும் ஒட்டாமப் போகவும்தான் ஞாபகம் வந்துச்சு. படமெல்லாம் எடுத்து முடிச்சுத் தனியாத்தான் குரல் போட்டோம். அதுக்குள்ள ஒங்கக்காவுக்கு வளைகாப்பு ஆகிப்போச்சு. ரெண்டு கை நெறைய வளையல். மைக்கு முன்னால வந்து நிக்குது, மூச்சு விட்டாலே கலகலங்குது. கழட்டும்மா, செத்த நேரந்தானன்னேன். பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது, வளையல் சத்தம் உள்ள இருக்கற பிள்ளைக்குக் கேக்கணும்னுட்டா. துண்ட எடுத்துக் கையில சுத்தி விட்டோம். அப்பவும் கலகலன்னுச்சு. அவளுக்குச் சிரிப்பு. எங்களுக்கும் சிரிப்பு. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, விளம்பரம் வாசிக்கற பிள்ளையப் பேச வச்சோம்." உள்ளே எட்டிப் பார்த்தார். "சொல்லிறவா?"

"வேண்டாம். நானே சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. ஒரு வாரம் ஆகிறது. சுபா காலையில் எழுந்ததும் போனை வயிற்றில் வைத்து அந்தக் குரலை ஓடவிடுகிறாள். யாரோ ஒரு பெண் என் வீட்டில், உன் பேரப்பிள்ளையிடம், மதுரைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று தினமும் சொல்கிறாள். ஊரில் அந்த விளம்பரக் குரலை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைகாப்புக்கு வருகிற கூட்டத்தில் ஒருவர் போதும். அவர் வாயால் சுபாவுக்குத் தெரியக் கூடாது.

பேசியது வேறொருத்தி என்று என்னிடமே ஏன் நீ சொல்லவில்லை? அடுத்த விடுமுறைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாயா? சேலைக்குத் திட்டுவேன் என்று விட்டுவிட்டாயா?

நம் இருவருக்கும் ஒரே குரல் என்று சுபாவிடம் சொல்லாததற்குக் காரணம் இதுதான். நீ மஞ்சள்காமாலையில் போன பிறகு ஒரு நாள், அடுப்படியிலிருந்து "அம்மா, உப்பு எங்கருக்கு?" என்று கேட்டேன். கூடத்தில் படுத்திருந்த அம்மா எழுந்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இனிமே உள்ள இருந்து பேசாத. முன்னால வந்து மூஞ்சியக் காட்டிப் பேசு" என்றாள்.

கைக்குழந்தையாக இருந்த சுபா அழுதால், நான் பேசியதும் நிறுத்திவிடுவாள். தலையைத் திருப்பித் தேடுவாள். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி அழுவாள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஆசிரியையாக வகுப்பில் வேதியியல் பேசினேன், வீட்டில் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் யாரையும் கூப்பிட்டேன். சித்தி அழுத்தக்காரி என்று உன் மகள் சொல்வாள். அம்மா போயே சில வருடமாகிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வியாழக்கிழமையே சொல்லிவிடுவேன், அக்கா. அந்தக் குரல் உன்னுடையது இல்லை என்பதை முதலில் சொல்வேன். அவள் உடைந்துபோகலாம், என்னோடு பேசாமலும் இருக்கலாம். என்ன கேட்டு வளர்ந்தாய் என்று கேட்டாயே, உன் அம்மா கழற்ற மறுத்த வளையலைக் கேட்டு வளர்ந்தாய் என்று அதன்பிறகு சொல்வேன்.

இதை எல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லப்போவதில்லை. அவள் கூடத்தில் இருக்கட்டும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, முகத்தைக் காட்டாமல், உள்ளேயிருந்தே பேசுவேன். உன்னைப் போல வேகமாக.

உன் தொண்டையை வைத்திருக்கும் தங்கை,
வசந்தா