அனுவை மேற்கோள் காட்டியவர்கள்

ஜனவரி 17, 1994
மைனஸ் இருபத்தேழு. கார் கிளம்பவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமான இல்-பிசார் தீவில் வீடு வாங்கியவனைத்தான் சொல்ல வேண்டும் — நான்தான் அது. பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்று வீட்டுக்கு வந்தால், என் மனைவி அனு கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓடும் தாவர நோய் ஆராய்ச்சி வேலை அவளுக்கு. அதை நிரந்தரமாக்கக் கேட்டிருந்தாள். அவளுடைய கட்டுரைகளை மற்ற விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டியது மொத்தமே 38 தடவை என்று தேர்வுக் குழு சொல்லிவிட்டதாம். வெளிநாட்டுக் கூட்டாய்வு, பூஜ்யம். ஏப்ரலுக்குள் புதிதாக ஏதாவது காட்டாவிட்டால் ஜூனோடு வேலை முடிந்தது.

"முப்பத்தெட்டாம்! இட்லியா எண்றாங்க?" என்று கத்தினேன்.

"சும்மா இருங்க, சாம்பார் கொதிக்குது" என்றாள். அழுதிருக்கிறாள். எனக்குத் தெரியாதா?

ஜனவரி 22
சனிக்கிழமை. பல்கலைக்கழக நூலகம். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று வருஷவாரியாக அச்சடித்த தொகுதிகள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம், எழுத்தோ எறும்பு அளவு. நூலகர் செலீன் பூதக்கண்ணாடி கொடுத்தாள். அனுவின் பெயரை 'ஜெயசங்கர், ஏ.' என்று தேடினேன். 38தான். பாவிகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் சென்னையில் அவள் எழுதிய அந்த வேர்க்கடலை இலைப்புள்ளி நோய்க் கட்டுரை எங்கே? அதுதானே அவள் பெருமை? செலீன் கேட்டாள்: கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு என்ன பெயர்?

ஆர். அனுசூயா. மாமனார் ரங்கநாதனின் 'ஆர்'. அந்தப் பெயரில் குழு தேடவே இல்லை, நானும்தான்.

ஜனவரி 23
இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். 1980, பாஸ்போர்ட் படிவம். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நம் ஊரில் யாருக்கு இருக்கிறது அது? ஜெயசங்கர் என்று என் பெயரை எழுதினேன். அவளைக் கேட்கவே இல்லை! கியூபெக்கில் கல்யாணமானாலும் பெண்கள் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படி என்றாள் செலீன். நான் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு ஒரு விஞ்ஞானியை இரண்டு ஆளாக்கியிருக்கிறேன். மடையன்.

பிப்ரவரி 12
நூலகத்தில் நாலாவது சனி. கண் எரிகிறது. 'அனுசூயா, ஆர்.' — 173! ஓடிவந்து சொன்னேன்.

"நானே என்னை மேற்கோள் காட்டினதைக் கழிச்சிடுங்க."

"யாருக்குடி தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பதினாறு போயிற்று. 157. இவளைத் திருத்த முடியாது. திருத்தவும் வேண்டாம்.

அதில் 31 ஒரே இடத்திலிருந்து: செனகல் நாட்டில், டாக்கார் நகர ஆய்வுக்கூடம். அவள் கண்டுபிடித்த சோதனைக்கு அங்கே 'அனுசூயா முறை' என்றே பெயராம். இங்கே வந்ததும் ஆப்பிள் நோய் ஆராய்ச்சிக்கு மாறியவள் வேர்க்கடலைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நான் எழுதிவந்த குறிப்பில் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். "உங்களாலதான்" என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. இரவே டாக்காருக்குக் கடிதம் எழுதினாள்.

பிப்ரவரி 19
இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று குழுவுக்குச் சத்தியக் கடிதம் வேண்டும். முத்திரை போடும் தியாகலிங்கத்தின் அலுவலகம் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில். 'என் மனைவியின் பெயரை அவளைக் கேட்காமல் மாற்றி எழுதியவன் நான்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"பதினாலு வருசமா உது உங்கட கண்ணில படேல்லையோ, ஐயா?"

இல்லை என்றேன்.

"கவலைப்படாதேங்கோ. இஞ்ச என்னை எல்லாரும் அப்பான்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள். அவர் செத்து இருவது வருசம். டொக்டர் இன்னும் அவருக்குத்தான் பிறஷர் பாக்கிறார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 9
டாக்காரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மார்ச் 24
வந்துவிட்டது. பிரெஞ்சுக் கடிதம். அனு வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள்: "1980க்குப் பிறகு உங்கள் பெயர் எங்கும் இல்லை. நாங்கள் விசாரித்தோம். நீங்கள் இறந்துவிட்டதாகவே நினைத்தோம். சேர்ந்து வேலை செய்யலாமா?"

அவள் சிரித்தாள். "பாருங்க, செத்துட்டேனாம்!" என்னால் சிரிக்க முடியவில்லை. பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வந்து தட்டினாள். "நீங்க அழுது முடிச்சிட்டு வந்தா இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துக் குழுவுக்கு அனுப்பலாம்."

மே 11
நிரந்தரம்! கேசரி கிண்டினேன். அடிபிடித்துவிட்டது, பரவாயில்லை. பக்கத்து வீட்டு ரோஸ்மேரி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 2, 1995
டாக்காரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சாகி வந்தது. முதல் பெயர் ஆர். அனுசூயா. நான்தான் வற்புறுத்தினேன். என் பெயர் இல்லாமல் அந்தப் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். அங்கே 'நன்றி' என்று போட்டு ஒரே வரி: என் கணவர் ஜெயசங்கருக்கு.

நன்றியில் வரும் பெயர்களை நூலகத்து மேற்கோள் தொகுதிகள் எண்ணுவதில்லை. எனக்குத் தெரியும். அவள் குளிக்கப் போனதும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.