மூன்றாம் வாசல் விளம்பரப் பலகையிலிருந்து என் முகத்தை அகற்றக் கோருதல்

அனுப்புநர்
தக் பொக்சூன்,
கிம்பாப் கடை, மூன்றாம் வாசல் உட்புறம்,
மாருகொகே சுரங்க ரயில் நிலையம், சியோல்.

பெறுநர்
உயர்திரு நிலைய மேலாளர் அவர்கள்,
மாருகொகே சுரங்க ரயில் நிலையம், சியோல்.

பொருள்: என் கடைக்கு எதிர்ச்சுவரில் உள்ள அழகு அறுவை மருத்துவமனை விளம்பரத்தை வரும் சனிக்கிழமைக்குள் அகற்றித் தர வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்தில் பல ஆண்டுகளாகக் கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிய கிம்பாப்பும் மீன்வில்லைச் சூப்பும் விற்று வருகிறேன். தாங்களும் என் கடையில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறீர்கள், மஞ்சள் முள்ளங்கி கூடுதலாகக் கேட்பீர்கள். சென்ற மாதம் என் கடைக்கு நேரெதிரே அந்தப் பலகை வந்தது. இடது பக்கம் ஒரு பெண், கீழே 'முன்'. வலது பக்கம் ஒரு பெண், கீழே 'பின்'. இடது பக்கத்தவள் அச்சு அசலாக நான்தான். காலையில் கடையைத் திறந்து நிமிர்ந்தால் என்னை நானே முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

2. ஆனால் அது நான் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது என் இரட்டைத் தங்கை தக் மல்ஹி. வேலை பார்த்த நிறுவனம் மூடிப்போனதால் ஐம்பது வயதில் வேலை தேடினாள். விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தைப் பார்த்தே எல்லோரும் ஓரங்கட்டினார்கள். அதனால் கண்ணிமையில் மடிப்பு வைத்து, தாடையைச் செதுக்கிக்கொண்டாள். இப்போது பெரிய கடையொன்றில் வாசனைத் திரவியம் விற்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். முகவீக்கம் வடியப் பூசணிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே நான்தான். ஆகவே இந்த மனு அறுவை சிகிச்சைக்கு எதிரானது என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

3. வாடிக்கையாளர்கள் இப்போது பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, பண்ணினது மறுபடி பழையபடி ஆயிடுச்சா? வாரண்டி எதுவும் குடுக்கலையா?" என்று கேட்டார். இன்னோர் அம்மாள் மீதிச் சில்லறையை வாங்க மறுத்து, "வெச்சுக்கோங்க. சீக்கிரம் அந்த வலது பக்கத்துக்குப் போயிடுங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனாலும் அன்று முழுவதும் கிம்பாப் சுருட்டக் கை வரவில்லை.

4. நேரில் போய் அந்த மருத்துவமனையில் முறையிட்டேன். மேலாளர் என்று வந்த இளைஞர் மிகவும் பணிவானவர், பார்லி டீ கூடக் கொடுத்தார். "அது உங்க முகம் இல்லீங்களே. உங்க தங்கச்சியோடது. அவங்க சம்மதிச்சுட்டாங்க" என்றார். "அப்போ இது யாரோட முகம்?" என்று என் கன்னத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்களும் பண்ணிக்கிட்டா பிரச்சினையே தீந்துடுமே! குடும்பத் தள்ளுபடி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது ஐயா. எழுந்து வந்துவிட்டேன்.

5. இந்த அளவோடு நின்றிருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஒரே மகள், பெயர் ஹன் சேபியோல். இப்போதுதான் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதி முடித்தாள். தேர்வு அனுமதிச் சீட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று இந்தப் பருவத்தில் எல்லா மருத்துவமனைகளும் கூவிக் கூவி அழைப்பது தாங்கள் அறிந்ததே. தோழிகள் எல்லோரும் கிளம்பியபோதும், "எனக்கென்ன, என் கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னை அப்படியே உரித்து வைத்திருப்பவள். தேர்வு முடிந்த மறுநாள் கடைக்கு வந்தவள் பலகையின் முன்னே வெகுநேரம் நின்றாள். பிறகு சூப்பைக்கூடத் தொடாமல், "அம்மா, அப்போ நான் இடது பக்கத்து ஆளா?" என்று கேட்டாள். சனிக்கிழமைக்கு அதே மருத்துவமனையில் ஆலோசனைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள்.

6. தங்கையைக் கூப்பிட்டு, "ஏன்டி, என்னையும் சேர்த்து ஏன்டி மாட்டிவிட்டே?" என்று சண்டை போட்டேன். அவள் அழுதாள். "அக்கா, நான் என் மூஞ்சியத்தான் குடுத்தேன். அது உன் மூஞ்சியும்தான்னு சத்தியமா எனக்குத் தோணவே இல்ல" என்றாள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக உடனே சொல்லிவிட்டாள். சுவர் வாடகைக்கு எடுத்த இடம், வசந்தகாலம் வரை ஒப்பந்தம், மாற்ற முடியாது என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டது. சுவர் தங்களுடையது என்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

7. நேற்று என் சமையல் ஏப்ரனைக் கொண்டு இடது பக்கத்தை மூடியதும், தங்கள் ஊழியர் ஒரு மணி நேரத்தில் அதைக் கழற்றிக்கொண்டு போனதும் உண்மை. விதியை மீறியது என் தவறு. ஏப்ரனைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், இருப்பது அது ஒன்றுதான்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. முகம் அவளுடையது, முடிவும் அவளுடையது. நாளைக்கே ஒரு புது முகத்தின் மேல் ஆசைப்பட்டு அவள் போனால் பூசணியை நானே வாங்கி வைப்பேன். இருக்கும் முகத்துக்குப் பயந்து ஓடுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் தங்கள் நிலையத்தின் வழியாகத்தான் வருவாள். வலது பக்கம் திரும்பி மருத்துவமனைக்குப் போனாலும் போகட்டும், நேரே என் கடைக்கு வந்தாலும் வரட்டும். அந்த நேரத்தில் அவளுடைய அம்மா ஒரு வியாதி மாதிரி அந்தச் சுவரில் ஒட்டியிருக்கக் கூடாது. தாங்கள் மனம் வைத்தால் ஓர் ஏணியும் ஓர் ஆளும் போதும். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

நாள்: 25.11.2024
இடம்: சியோல்

இங்ஙனம்,
தக் பொக்சூன்

மேற்கண்டவை அனைத்தும் உண்மை. படத்தில் இருப்பவள் என்ற முறையில் நானும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.
தக் மல்ஹி