டெஸ்டிங் ரூமின் மறுமுனைக்கு

நேற்று பழைய போன்களை ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார்கள். குற்றாலத்தில் ஏதோ ஒரு லாட்ஜ் பழையதையெல்லாம் கொடுத்துவிட்டு நம் கம்பெனியின் புதிய போன் வாங்கியிருக்கிறது. மேலாகக் கிடந்ததை எடுத்தேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது டீ நிறத்துக்கு வந்துவிட்ட ரிசீவர். காதில் வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தாய் என்று கேட்காதே, ரிசீவரைக் கையில் எடுத்தால் அது தானாகக் காதுக்குப் போய்விடுகிறது. பேசும் துளைகளிலிருந்து தேங்காய் எண்ணெயும் பீடியும் கலந்த ஒரு வாடை வந்தது. அடியில் திருப்பினால் மங்கிப்போன ஓ.கே. ஸ்டிக்கர். ஒரு ஓரத்தில் உன் கிறுக்கல், மறு ஓரத்தில் என்னுடையது.

கீழே வைத்துவிட்டேன். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் இல்லையா?

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனிக்கு ஒரு போர்டுகூடக் கிடையாது. தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட். ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, தறி முதலாளிகள் வீட்டிலிருந்தே கூடத்துக்குப் பேசுவதற்கு இண்டர்காம் பெட்டி செய்ய ஆரம்பித்திருந்தார். ஷெட்டின் முன்பக்கம் என்னை உட்காரவைத்தார். சாமான் அறைக்கு அந்தப்பக்கம் உன்னை உட்காரவைத்தார். அங்கிருந்து உன் முகம் எனக்குத் தெரியாது. நடுவில் வயர்தான். தயாராகிற ஒவ்வொரு பெட்டியையும் நாம் பேசிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

"ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீயெல்லாம் இங்கன வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "வாங்குதவன் ஒன் டூ த்ரீ சொல்லவா வாங்குதான்? வீட்ல பேசுத மாதிரி பேசுங்க. பேச்சு வெளங்கினா ஓ.கே. போடுங்க."

வீட்டில் பேசுவதுபோல் முன்பின் தெரியாதவளிடம் என்ன பேசுவது? நீதான் ஆரம்பித்தாய். "ஏட்டி, உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

அன்று தொடங்கிய பேச்சு. ஒரு பெட்டிக்கு ஓ.கே. போட்டதும் நிறுத்துவோம், அடுத்த பெட்டியை மாட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நீ மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கதை, மழை பெய்யாத கதை, உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போன கதை, உன் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன கதை. உன் மாமியார் சண்டையின் முதல் பாதி சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கும், மறு பாதி ஏதோ ஒரு ரைஸ் மில்லில் தொங்கியிருக்கும். நாம் பேசப் பேசக் கம்பெனி வளர்ந்தது. இரண்டு பேர் பேசுகிற பெட்டி போய், எட்டு அறைக்கு லைன் கொடுக்கிற பெட்டி வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, காலேஜ், நூல் மில் என்று நூறு அறைக்குக் கொடுக்கிற பீரோ மாதிரியான பெட்டி. தறிக்கூடத்தையே அண்ணாச்சி விலைக்கு வாங்கினார். தறிச் சத்தம் நின்ற அன்று நம் இருவருக்கும் காது வலித்தது, ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஆஸ்பத்திரி ஆர்டரையும் நீ மறந்திருக்க மாட்டாய். போன் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் அங்கிருந்து கோபமாகப் பேசினார்கள். நர்ஸ் சொல்வது டாக்டருக்குப் புரியவில்லையாம், டாக்டர் சொல்வது மருந்துக் கடைக்குப் புரியவில்லையாம். நாம் ஆத்திரத்தில் துள்ளினோம். ஒவ்வொன்றையும் பேசிப் பார்த்துத்தானே அனுப்பினோம்! புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் தம்பி ஒரு போனைத் திரும்ப வரவழைத்து, வயரில் தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நம்மைப் பேசச் சொன்னான். நாம் பேசினோம்.

"அவ வந்தாளா?"

"வந்தா, வந்தா. அதேதான்."

"பொறவு?"

"பொறவென்ன, நீ சொன்னதுதான்."

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, எனக்குப் பாதி வார்த்தை கேக்கவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் எப்படி விடாம பேசுதீங்க?" உன் இடத்தில் பேக்கிங் பெண் ஒருத்தியை உட்காரவைத்தான். நான் நாலு வாக்கியம் சொன்னேன். "என்ன சொல்லுதீங்க அக்கா? ஒண்ணும் வெளங்கல," என்றாள்.

புதிதாக வாங்கிய மைக்கில் கோளாறு. பேச்சில் பாதியை அது விழுங்கியிருக்கிறது. விழுங்கிய பாதியை நீயும் நானும் நம்மை அறியாமலே போட்டு நிரப்பிக்கொண்டு, நன்றாக விளங்குகிறது என்று ஓ.கே. எழுதித் தள்ளியிருக்கிறோம். அந்தத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. அண்ணாச்சி முதலில் சிரித்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் இனி போனே வேண்டாம் போலிருக்கே," என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், மறுநாள் காலையில் தானே வேனில் போய் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தார். கம்பெனியின் பெயர் தப்பியது அவர் முகத்துக்காகத்தான். அதன் பிறகு புதுச் சட்டம் வந்தது, ஒரே இரண்டு பேர் தொடர்ந்து டெஸ்டிங்கில் உட்காரக்கூடாது. உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

"நம்ம பேச்சு நல்ல பேச்சுதானட்டி. போன்தான் சரியில்ல," என்றாய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. உன் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் மனசு ஆறவில்லை. டீ நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். பேச்சே வரவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசி நமக்குப் பழக்கமில்லையே. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நீ பேக்கிங்கிலிருந்து எனக்கு இண்டர்காம் போடுவாய், அப்புறம்தான் பேச்சு ஓடும்.

செல்போன் வந்தது. கம்பெனி இதோடு முடிந்தது என்று ஊரே சொன்னது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நீயும் ஒருத்தி. அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். அவர் மகள், நாம் பாப்பா என்று கூப்பிட்ட அதே பிள்ளை, சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வயரில் ஓடுகிற போன் செய்ய ஆரம்பித்தாள். திரும்பவும் ஆர்டர் வந்தது. அந்த நேரத்தில்தான் உன் மகள் அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மாவுக்குக் கை காலு வெளங்காமப் போச்சு. வாயி கோணிட்டு. புத்தியும் பேதலிச்சிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ. என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கா."

போனை உன் வாயருகில் வைக்கச் சொன்னேன். நீ பேசினாய். ஒரு எழுத்துக்கூட உருப்படியாக இல்லை. ஆனால் எனக்கு விளங்கியது. "கொல்லையில ஆட்டுக்குத் தண்ணி காட்டலன்னு சொல்லுதாட்டி, போய்ப் பாரு," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உன் மகள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். வாளி காய்ந்து கிடந்ததாம்.

உன் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. உன்னிடம் யாரும் கேட்கவில்லை. புத்தி போனவளிடம் என்ன கேட்பது? நீ போனில் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாய். நான் அவனிடம் சொன்னேன், "ஒங்கம்மா வரமாட்டேங்கா. இங்கனயேதான் இருப்பாளாம்." அவன் கெட்டவன் இல்லை. ஆனாலும் கேட்டான், "சித்தி, இது அம்மா சொல்லுதாங்களா, நீங்களா சொல்லுதீங்களா?"

அந்த இன்ஜினியர் தம்பி கேட்ட அதே கேள்விதானே! நானே நிரப்பிக்கொள்கிறேனோ? நீ சொல்லாததை நீ சொன்னதாக ஓ.கே. எழுதிவிடுகிறேனோ?

மறுநாள் பஸ் ஏறி வந்தேன். உன் கட்டிலருகே உட்கார்ந்து, உன் கோணிய வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. உன் மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து கொல்லைக்குப் போய், ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று உன் மகளின் போனுக்குப் போட்டேன். "ஒங்கம்மாகிட்ட எனக்குத் தெரியாத எதையாவது கேளுய்யா," என்றேன்.

அவன் யோசித்துவிட்டுக் கேட்டது எனக்கும் கேட்டது. "எம்மா, நான் மொதமொத திருப்பூர் போறப்போ எம் பையில என்ன வச்சே?"

நீ சொன்னாய். இரண்டாம் தடவையும் சொன்னாய். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் திருப்பிச் சொன்னேன். "பூட்டுன்னு சொல்லுதா. ஆட்டுக்கொட்டகைப் பூட்டாம்."

வீட்டுக்குள் அவன் அழுகிற சத்தம் கேட்டது. ரூமில் களவு போய்விடும் என்று பயந்து, கொட்டகைப் பூட்டைக் கழற்றி அவன் துணிக்கடியில் வைத்தாயாமே. இத்தனை காலம் பேசியதில் அதை மட்டும் நீ எனக்குச் சொன்னதே இல்லை, கள்ளி.

"அவ புத்தி நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் சரியில்ல," என்றேன் அவனிடம். அவன் உன்னைக் கூட்டிப்போகவில்லை. கடைசி வரை உன் வீட்டில், உன் ஆட்டுச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் கிடந்தாய். தினமும் காலையில் உன் மகள் போனைப் போடுவாள், நீ சொல்வாய், நான் அவளுக்கு எடுத்துச் சொல்வேன். ஒருநாள் காலையில் உன் மகள் மட்டும் பேசினாள்.

இப்போது ராஜபாளையம் ரோட்டில் புதுக் கட்டடம். டெஸ்டிங்குக்கு மெஷின் வந்துவிட்டது. ரப்பர் வாய் ஒன்று கத்துகிறது, ரப்பர் காது ஒன்று கேட்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. அது யார் வீட்டுக் குழம்பையும் விசாரிப்பதில்லை, தப்பும் விடுவதில்லை. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதுகு வலிக்கிறது.

உன்னால் எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரு கெட்ட பழக்கம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். மீதி அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைப்பு. வீட்டில் திட்டுகிறார்கள். இங்கே பிள்ளைகள் "பொறவு என்ன அக்கா?" என்று நிற்கிறார்கள்.

இன்று சாயங்காலம் பாப்பா தன் அறையிலிருந்து கூப்பிட்டாள். நம் கம்பெனியின் ஆகப் புதிய போன், குரல் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. "அக்கா, இன்னும் ஒரு வருஷம் இருங்களேன்."

"இருக்கலாம் பாப்பா. ஆனா..." என்றேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். நானும் காத்துக்கொண்டிருந்தேன். லைனில் ஒரு இரைச்சல்கூட இல்லை.

"ஆனா என்னக்கா?"

"அலுத்துப்போச்சும்மா," என்று அந்த மீதியையும் நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது.