வலைக்குப் பின்னால் ஒரு சாவிக்கொத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்பார்கள். எழுதிவிட்டேன். நீயும் அப்படி ஒரு வரி எழுதிப் போடு. பொய்யாக இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

நீ போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். "அம்மா, நான் ஆடுறத விட்டுட்டு வந்துடறேன். கோச் அக்கா கடைசி ஆட்டத்துக்கும் என்னத்தான் கோல்ல நிறுத்துவேங்கறாங்க, நான் முடியாதுன்னுட்டேன். உனக்கும் துணையா இருக்கும்" என்றாய். அதற்கப்புறம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. உடனே கூப்பிட்டேன். போனை அணைத்து வைத்திருக்கிறாய். மறுநாளும் அப்படியே. ஊரெல்லாம் அந்தப் போனுக்குள் புகுந்துகொண்டு சிரிக்கும்போது நீ அணைக்காமல் என்ன செய்வாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பார்த்துப் படித்துக்கொள்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததல்லவா, கீழ்வீட்டுக்காரர் வந்து வாஷர் மாற்றிக் கொடுத்தார். இப்போது சொட்டுவதில்லை. அந்தச் சத்தமும் போனதும் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. மாற்றாமலே விட்டிருக்கலாம். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை, ஆக்கியது மிஞ்சுகிறது, மறுநாளும் அதையே தின்கிறேன். அப்பாவின் பூட்டு ரிப்பேர் கடை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் போன் உறை விற்கிறார். நல்ல மனிதர்தான், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். அவர் எழுந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

பெரிய போர்வையை மடிக்கத்தான் ஆள் இல்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் நாள் பூரா விரிப்பு மடிக்கிறேன். அங்கே எதிர்ப்பக்கம் இன்னொருத்தி நிற்பாள், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு முனை அவளுக்கு, இரண்டு முனை எனக்கு. நடந்து வந்து கையோடு கை சேர்த்தால் மடிந்துவிடும். வீட்டில் அப்படி யார் வருவது? கதவிடுக்கில் இரண்டு முனையைக் கொடுத்துப் பார்த்தேன். கதவு நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது, நடந்து வரத்தான் மாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஊரெல்லாம் சுற்றுகிற அந்தப் படத்தை நானும் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மெஷின்காரர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இங்க பாருங்கம்மா கூத்த. பந்து நேரா வருது, கோல்ல நிக்கிற பொண்ணு பின்னாடி திரும்பி யாரையோ தேடுது. பஸ்ஸு வந்துடுச்சோ என்னமோ" என்றார். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்புல பால வெச்சுட்டு வந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு விரிப்பு மடிக்கிற தங்கச்சிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரியாது, பாவம். மகள் வெளியூரில் இருக்கிறாள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால், "பந்தா? பொம்பளப் பிள்ளையா?" என்று ஆரம்பிப்பார்கள். பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

போனை என் பக்கம் திருப்பினார்கள். வலைக்குப் பின்னால் நின்று யாரோ எடுத்த படம். நீ திரும்பினாய். வலைக்கண்களுக்குள் உன் முகம் முழுசாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் அறைகள் காலியாகிற நாள், விரிப்பு மலை மாதிரி வந்து குவியும், என்னை விட மாட்டார்கள். அதனால் உன் ஆட்டத்தை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா மட்டும் வருவார். திரும்பி வந்ததும் தரையில் டம்ளர்களைப் பரப்பி எனக்கு ஆட்டத்தைத் திரும்ப ஆடிக் காட்டுவார். பித்தளை டம்ளர் உங்கள் பக்கம், எவர்சில்வர் எதிர்ப்பக்கம். பந்துக்கு ஒரு வெங்காயம். நீ எப்போதும் உப்பு டப்பாதான். "உப்பு டப்பாவத் தாண்டி ஒண்ணு போகணுமே, போகாது" என்று அவர் தரையில் விழுந்து வெங்காயத்தைப் பிடிப்பார். அடுப்பங்கரை பூரா பந்தாட்டமாக இருக்கும். எனக்குத் தெரிந்த பந்தாட்டம் எல்லாம் அந்த டம்ளர் ஆட்டம்தான். முதல் முதலாக உன்னை நிஜமாகப் பார்த்தது அந்தப் போனில், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில்.

அவர்களெல்லாம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சத்தம் கேட்டது. "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி இன்னொரு தடவ போடுங்க" என்றேன். நானும் சிரிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து மெஷின்காரர் உற்சாகமாகப் போட்டார். நீ திரும்புவதற்குச் சற்று முன்னால் பின்பக்கக் கம்பிக் கதவை யாரோ திறக்கிறார்கள். சாவிக்கொத்து ஆடுகிறது. பெரிய வளையம், நெருக்கமாகக் கோத்த சாவிகள். பூட்டுக்காரர் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? பூட்டுக்காரர் மகளுக்குத்தான் தெரியாதா?

கூட்டத்தில் வாயைத் திறக்கத் தெரியாத மனிதர் அவர். மற்ற அப்பாக்கள் தொண்டை கிழியக் கத்தும்போது, உன் கோலுக்குப் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சாவிக்கொத்தை மட்டும் ஆட்டுவார். பாதி ஆட்டத்தில் நீ பக்கம் மாறினால் அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய் நிற்பார். "எதுக்குங்க இந்த அலைச்சல், ஒரு இடத்துல உக்காந்து பாக்கக்கூடாதா" என்று கேட்டேன். "அவளுக்கு முன்னாடி பத்து பேர் இருக்காங்க. பின்னாடி யாரு இருக்கா?" என்றார்.

அதனால் நீ எதற்குத் திரும்பினாய் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம். எனக்கும் அப்படி ஆகிறது. மாடிப்படியில் யாருடைய சாவியாவது குலுங்கினால் கை தானாகவே தாழ்ப்பாளுக்குப் போகிறது. நான் திரும்பினால் பார்க்க ஆள் இல்லை. நீ திரும்பினதை ஊரே பார்த்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அது என் பொண்ணு" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மெஷின்காரர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் சமாதானம் சொல்வது மாதிரி, "உங்க பொண்ணாங்க அது? பரவாயில்லங்க, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு ஆடுனதே பெருசு" என்றார். பால், அடுப்பு என்று சொன்னபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது. ஒரு விரிப்பை எடுத்து உதறினேன். எதிர்முனையைப் பிடிக்கத் தங்கச்சி ஓடி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

உன் அத்தையும் வந்துவிட்டுப் போனாள். உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். "அப்பன் போய் வருஷம் திரும்பல, அரைக்கால் சட்டையப் போட்டுக்கிட்டுப் பந்துக்குப் பின்னால ஓடுனா இப்படித்தான் சந்தி சிரிக்கும் அண்ணி. கூட்டிட்டு வந்து ஒரு நல்ல இடமாப் பாருங்க" என்றாள். அவள் துக்கத்துக்கு வந்தபோது இவ்வளவு நேரம் உட்காரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர், யார் என்னவென்று தெரியாமலே உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். "பொம்பளைங்க ஆட்டத்துக்குக் கோலச் சின்னதாக்கணும்பா" என்றார் ஒருவர். "அதுக்கு ஆட்டத்தையே நிறுத்திடலாம், யாரு போயி பாக்குறா" என்றார் இன்னொருவர். பார்க்கப் போகாதவர்கள்தான் இவ்வளவு பேசுகிறார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட ஆள் இருந்திருக்காது. சிரிப்பதற்கு மட்டும் எங்கிருந்து இத்தனை பேர் வந்தார்கள்?

உன் அப்பா ஒன்று சொல்வார். ஆம்பளை ஒருவன் பந்தை விட்டால் அவனைத் திட்டுவார்கள், அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார்கள், அதோடு சரி. பொம்பளை ஒருத்தி விட்டால் உலகத்தில் உள்ள அத்தனை பொம்பளையும் விட்ட மாதிரி பேசுவார்கள். அவர் சொல்லும்போது எனக்குப் புரியவில்லை. அந்தப் போனைப் பார்த்த பிறகு புரிந்தது. உன்னோடு சேர்த்து என்னையும், எதிரில் நின்ற தங்கச்சியையும்கூடப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

தங்கச்சி, "ஏன் திரும்புனான்னு சொல்லிடுங்கக்கா, இவனுங்க வாய மூடட்டும்" என்றாள். அவளிடம் மட்டும்தான் சாவிக்கொத்து விஷயத்தைச் சொன்னேன். நீயும் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லாதே. சொன்னால் சிரிப்பை நிறுத்திவிட்டு 'ஐயோ பாவம்' என்பார்கள். சிரிப்பாவது அடுத்த கூத்து வரும்வரைதான். பாவம் பார்க்கிறவர்கள் லேசில் விட மாட்டார்கள், எனக்கு அனுபவம். அப்புறம், பொம்பளைக்கு மனசு இளகிப்போகும், அதனால்தான் விளையாட்டுக்கு ஆக மாட்டாள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அப்பா நம் வீட்டு ஆள். அவரைக் கொண்டுபோய் இவர்களிடம் சாட்சிக்கு நிறுத்த வேண்டாம்.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். விரல் வலித்தது, வைத்துவிட்டேன். இன்றைக்குத் தொடர்கிறேன்.

நீ வந்துவிடுகிறேன் என்று சொன்னதைப் பலமுறை போட்டுக் கேட்டேன். கேட்டதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? உன் கட்டிலின்மேல் கிடந்த துணிமூட்டையை எடுத்துக் கீழே வைத்தேன். விரிப்பு மாற்றினேன். இனி இரண்டு தட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்குக் கடைத்தெருவுக்குக்கூடக் கால் வேகமாக நடந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சாமான் கழுவும்போது அந்த உப்பு டப்பா கைக்கு வந்தது. தரையில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை வெயிலில் நின்றதெல்லாம் நீ எனக்குத் துணையாக அடுப்பங்கரைக்கு வந்து உட்காருவதற்கா? துணிமூட்டையை எடுத்துப் பழையபடி கட்டிலின்மேலேயே வைத்துவிட்டேன்.

அதனால் இப்படிச் செய்யலாம். கடைசி ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு என்று தெரிந்துகொண்டேன். கடிதம் அதற்குள் வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "ஞாயித்துக்கிழமையாங்க? அன்னிக்கு எவ்வளவு விரிப்பு வரும்னு தெரியும்ல? என்ன அப்படி அவசரம்?" என்றார். "என் பொண்ணு ஆட்டம் இருக்கு" என்றேன். லீவு நோட்டை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார். என் பங்கையும் சேர்த்து மடிப்பதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். எதிரில் யாரை நிறுத்துவாளோ தெரியாது. மெஷின்காரரைப் பிடித்து இழுப்பேன் என்கிறாள்.

நீ கோச் அக்காவிடம் போய், கோலில் நிற்கிறேன் என்று மட்டும் சொல். நான் ராத்திரி பஸ் பிடித்துக் காலையில் வந்துவிடுவேன். ஆணியில் தொங்குகிற அப்பாவின் சாவிக்கொத்தைக் கொண்டுவருகிறேன். உள்ளே விட டிக்கெட் ஏதாவது வேண்டுமா என்று தெரியவில்லை, கேட்டு வை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், உன் கோலுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை ஆட்டுவேன். அப்போது நீ திரும்பி நன்றாகப் பார்த்துக்கொள். நீலச்சேலைதான் கட்டியிருப்பேன். அதற்கப்புறம் பின்னால் சாவி குலுங்கினாலும் சரி, இடியே விழுந்தாலும் சரி, அது நான்தான் என்று நினைத்துக்கொண்டு முன்னால் பார். பாதி ஆட்டத்தில் நானும் சுற்றி வருவேன். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது, வந்துசேரக் கொஞ்சம் முன்னேபின்னே ஆகும். அதுவரைக்கும் சமாளித்துக்கொள்.

நீ பந்தைப் பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி. எவன் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும். கோலில் போய் நின்றுவிடு, அது போதும். ஆட்டம் முடிந்து அன்றைக்கே நான் திரும்பிவிடுவேன், மறுநாள் வேலை இருக்கிறது. என்னோடு கிளம்பி வந்துவிடலாம் என்று பையைக் கட்டி வைத்திருக்காதே.

லீவு விட்டதும் வா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ. அந்தப் பெரிய போர்வையை அப்போது இரண்டு பேருமாக மடிக்கலாம். அதுவரை கொடியிலேயே கிடக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. முட்டியில் அடிபட்டால் உடனே மருந்து போடு. என் கண்ணே, உன் கைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது.

என்றும் உனக்குப் பின்னால் இருக்கும்,
அம்மா