எந்த வார்த்தை என்று நீ எழுதவில்லை

நேற்று உன் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்ததும் உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். மேலே உன் கையெழுத்தில் என் பெயர். தபால்தலை ஒட்டியிருக்கவில்லை. வீடு வரும்வரை பொறுக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துவிட்டேன்.

நாம் பேசாமலிருந்தது ஐந்து வருடம். அதற்கு முன் பதினெட்டு வருடம் துறைமுகத்தில் ஒரே ஷிப்ட். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பார்த்துக் குறிக்கிற வேலை. நிலக்கரித் தூள் படிந்த முகத்தோடு வாசலில் டீ குடிக்கும்போது, யார் முகம் அதிகக் கறுப்பு என்று கேட்டுச் சிரிப்பாய். உன் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. ஊரில்தான் இருந்தேன். முந்தின வாரம்தான் அவரோடு வாய்த்தகராறு. எந்த முகத்தோடு வருவது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு நீ ஷிப்டை மாற்றிக்கொண்டாய். காரணம் அதுதான் என்று நினைத்தேன். போன வருடம் அதற்காகத்தான் இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது.

"ஏலே, அடக்கத்துக்கு நீ வரலைங்கதையே உன் லெட்டரப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு யாரு வந்தா, யாரு வரலன்னு நான் எங்க பாத்தேன்? கப்பல்ல வச்சு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொன்னியே, அதத்தான் தாங்க முடியல. இப்ப அதுவும் போச்சு. மறந்துட்டேன், நீயும் மறந்துரு."

எந்த வார்த்தை? பஸ்ஸை விட்டுவிட்டு உன் வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

"மதினி, நான் என்ன சொன்னேன்னு எப்பவாவது சொன்னானா?"

"இல்ல அண்ணாச்சி. கேட்டா, 'அவனுக்குத் தெரியும்'பாவ. இத எழுதி ரெண்டு மாசமாச்சு. தபால்ல போடவான்னேன். நேர்ல கொடுத்துக்கிடுதேன்னுட்டாவ."

நேரில் வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

ஒரு நாள் கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கும்போது நீ எண்ணிக்கையைத் தவறவிட்டாய். "கண்ணு எங்கலே இருந்துச்சு?" என்று கத்தினேன். அதுவா? ஆனால் அன்று மாலையும் சேர்ந்துதானே டீ குடித்தோம்? உன் மகள் படிப்பைப் பற்றி ஏதாவது கேலி செய்தேனா? தெரியவில்லை. சொன்ன எனக்கே நினைவில்லாத ஒன்று உன்னை ஐந்து வருடம் வாட்டியிருக்கிறது. மறந்துட்டேன் என்று நீ எழுதியதை நம்புவதா என்றும் புரியவில்லை. மறந்திருந்தால் ஏன் எழுதினாய்?

வேம்பாரில் இருக்கும் என் தம்பியோடும் எனக்கு நெடுநாளாகப் பேச்சில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன். இன்று காலை அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கி, பாதியில் கிழித்துவிட்டேன். வேறு தாளில், "என்மேல் உனக்கு என்ன வருத்தம்? நீயே சொல்லு" என்று மட்டும் எழுதி, உடனே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

நீ மன்னித்துவிட்டாய். எதற்கென்று தெரியாமலே அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன்.