தட்டு வேகனில் நான்கு விரல்

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது மாதிரி வேகன் முடிந்தது. தரைக்குப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரச்சீவல்களை ஒவ்வொன்றாக நறுக்கி ஒட்டினேன். டாங்கியின் சக்கரப்பட்டைக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துத் தரையில் ஆணி அடிப்பார்கள். பிளாஸ்டிக்கில் எங்கே ஆணி அடிப்பது? பெட்டி தயாரித்தவன் ஒரு ரயில் யார்டையாவது எட்டிப் பார்த்திருப்பானா?

தட்டு வேகனுக்குப் பக்கச்சுவர் இல்லை, கூரை இல்லை. தரையும் சக்கரமும்தான். அதன்மேல் நாற்பத்தைந்து டன் டாங்கி, இரண்டு பக்கமும் விளிம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு உட்காரும். என்னுடையது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. மொத்தம் ஆறு வேகன். ஏப்ரல் ஆறாம் தேதி நகர மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி, ஒரு மேசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேசைமேல் வைக்கும் அட்டைக்கு வாசகம்கூடத் தயார்: ‘சரியாக ஏற்றியிருந்தால் உரசியிருக்காது.’

எங்கள் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்த பெரியவர் எந்தக் கண்காட்சியையும் விடுவதில்லையாம். வரட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும்.

மார்ச் 5, புதன்

கிடங்கில் இன்று போல்ட் எண்ணினேன். நேற்றும் அதையேதான் எண்ணினேன். இரண்டு பட்டம் வாங்கியவன்.

எனக்காகவே ஒருமுறை வரிசையாக எழுதி வைக்கிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன் ராணுவத்துக்காக ஆறு டாங்கிகளை ஏற்றிய ரயில் ஒன்று போனது. வழியில் ஒரு நிலையத்தில் பிளாட்பாரமே வளைவில் இருக்கிறது. வளைவில் நீள வேகனின் நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். டாங்கி பிளாட்பாரத்தில் இடிக்காமல் போகுமா என்று கணக்குப் போட்டு ஏற்றும் தாளை எழுதியவன் நான். இரண்டு அங்குலம் இடைவெளி கிடைக்கும் என்று எழுதினேன். நான்காவது வேகனின் டாங்கி பிளாட்பார ஓரக் கல்லை நாற்பது அடிக்குப் பெயர்த்துக்கொண்டு போய் நின்றது. ஆளுக்குச் சேதமில்லை. ரயில் ஏழு மணி நேரம் கிடந்தது.

ஏற்றியவன் சங்கிலி. டாங்கிகளைச் சங்கிலி போட்டு இறுக்கும் ஆட்களுக்கு அவன் மேற்பார்வை, அதனால் யார்டில் எல்லோருக்கும் அவன் சங்கிலிதான். விசாரணையில் “நான் சரியாத்தான் வெச்சேன்” என்றான். அவன் சரியாக வைத்திருந்தால் என் கணக்கு தப்பு. என் கணக்கு தப்பில்லை. எனவே அவன் பொய் சொன்னான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம்கூட வேண்டாம். பெரியவர் ‘இருவர் மீதும் தவறு’ என்று எழுதிக் கையைக் கழுவினார். அவனை மறுபடி கூலியாளாக்கினார்கள். எனக்கு வரவேண்டிய பதவி வேறொருவனுக்குப் போனது, எனக்குக் கிடங்கு.

‘இருவர் மீதும்.’ அந்த ‘உம்’ என் கழுத்தில் கட்டிய கல்.

மார்ச் 9, ஞாயிறு

வளைவும் பிளாட்பாரமும் ஒட்டுப்பலகையில் தயார். வளைவு கண்ணுக்கே தெரியவில்லை. இந்தச் சின்ன வளைசலா நாற்பது அடிக் கல்லைப் பெயர்த்தது? குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான் வேகனின் வயிறு உள்ளே வருவது தெரிகிறது. அரை மணி நேரம் அதையே உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாங்கியை அச்சு நடுவில் வைத்துத் தள்ளினேன். போய்விட்டது! இடையில் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அசலில் இரண்டு அங்குலம். இரண்டு மில்லிமீட்டர் ஓரமாக வைத்துத் தள்ளினேன். உரசியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. இது மேல எப்படிங்க ஏறுச்சு?”

“தூக்கி வெச்சேன்.”

“அங்கயும் தூக்கித்தான் வெச்சாங்களா?”

“நாப்பத்தஞ்சு டன்னைத் தூக்குவாங்களா? ஓட்டி ஏத்துவாங்க.”

“ஓட்டுறவருக்கு ஓரம் தெரியுமா?”

“அது அவங்க பாடு.”

“ம்” என்றாள். என் தங்கைக்கு நான் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றியும் இவள் ஒரு ‘ம்’ தான் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கல்யாணம் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும்.

மார்ச் 10, திங்கள்

அந்த ‘ம்’ கிடங்குவரை கூடவே வந்தது.

மார்ச் 14, வெள்ளி

நேற்று மோட்டார் வைத்த டாங்கி ஒன்று வாங்கினேன், ரிமோட் கைக்கருவியால் ஓட்டுவது. வரிசையின் கடைசியில் சாய்தளம் வைத்து ஓட்டி ஏற்றினேன். முதல் வேகனிலேயே முட்டி நின்றது. வேகன் முனையில் பிரேக் சக்கரத்தைத் தாங்கும் கம்பம். பெட்டிக் குறிப்பில் ‘நிமிர்த்தி ஒட்டவும்’ என்று இருந்தது, ஒட்டியிருந்தேன். கம்பம் நின்றால் டாங்கி அடுத்த வேகனுக்கு எப்படிப் போகும்?

இன்று சாப்பாட்டு நேரத்தில் கிடங்கிலிருந்து யார்டுக்கு நடந்தேன். பழைய தட்டு வேகன் ஒன்று புல்லில் நின்றது. கம்பத்தின் அடியில் ஓர் ஊசி இருக்கிறது. அதை உருவினால் கம்பம் மடங்கித் தரையோடு படுத்துக்கொள்கிறது! இரண்டு தடவை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன். கையெல்லாம் துரு.

இந்த வேகன்களுக்காக எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன்? இந்த ஊசியை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 15, சனி

ஆறு கம்பத்தையும் வெட்டிக் குண்டூசி வைத்து மடங்கச் செய்தேன். வேகனுக்கு வேகன் இடையில் பாலம்போலச் சிறு பலகைகள். வரிசை அறையின் நீளத்துக்கு வந்து கதவை மறித்தது. “நான் சமையலறைக்கு ஜன்னல் வழியா குதிச்சுப் போகவா?” என்றாள் மனைவி.

நாற்பது முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் நான்காவது வேகனில் நிறுத்தி அளந்தேன். அச்சு நடுவில் நின்றது ஒருமுறைகூட இல்லை. இருபத்து மூன்று முறை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல். வேகன்மேல் ஏறியபிறகு திருத்தலாம் என்று நினைத்தால் டாங்கி பக்கவாட்டில் நகராது. திருப்பினால் பட்டை தரைப்பலகையை உரிக்கிறது. வாசலிலேயே கோணல் என்றால் கடைசிவரை கோணல்தான்.

மேலே இருந்து தூக்கி நடுவில் வைக்க என்னால் முடியும், வீட்டில். வரைபலகையிலும் அப்படித்தான் வைத்தேனோ?

மார்ச் 18, செவ்வாய்

இல்லை. பொம்மை மோட்டார் ஒரு பக்கம் இழுக்கிறது. அதை வைத்து அசல் டாங்கியை எடை போடுவது முட்டாள்தனம். தேர்ந்த ஓட்டுநர், முன்னால் நின்று கை காட்ட ஓர் ஆள். அவர்களுக்கு எவ்வளவு விலகும்? அரை அங்குலமா? மூன்றா? அரை என்றால் நான் ஜெயித்தேன். மூன்று என்றால்...

புத்தகங்களில் தேடினேன். எடை, நீளம், அகலம், சங்கிலியின் கனம், எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை.

இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் நான் பதினெட்டு வருடமாகப் பேசுவதில்லை.

மார்ச் 21, வெள்ளி

சங்கிலி ஓய்வுக்குப் பின் புறவழிச்சாலையில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறான். பேருந்திலிருந்து இறங்கினேன். எதிர்ப்புறமே நின்றேன். ஒரு லாரியை மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தான். விரல்களை மட்டும் அசைக்கிறான், இத்தனை பெரிய லாரி நாய்க்குட்டிபோலக் கேட்கிறது. தலை முழுக்க நரைத்துவிட்டது.

அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன். என் தெரு, என் வீடு, என் கௌரவம்.

மார்ச் 23, ஞாயிறு

போனேன். நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், இரண்டும் வராமல் பேசினேன். பெரிய கூத்து.

“டாங்கியை வேகன்ல ஏத்தும்போது நடுவுல இருந்து எவ்வளவு விலகும்?”

நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் சிரித்தான், நல்ல சிரிப்பில்லை.

“அடேங்கப்பா. பதினெட்டு வருஷம் ஆச்சு சார், இதைக் கேட்க.”

“ஒரு மாதிரி செஞ்சிருக்கேன். அதுக்காகத்தான்.”

“ஏட்டுச் சுரைக்காய் இப்ப பொம்மைக் கடைக்கு வந்திருச்சா?” கையை நீட்டி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கையும் சேர்த்துக் காட்டினான். “நாலு விரல். நாலு விரல் விலகுனா விடுவோம். அதுக்கு மேலன்னா இறக்கி மறுபடி ஏத்துவோம். எந்த யார்டுல வேணாலும் போய்க் கேளுங்க.”

நான்கு விரல். மூன்று அங்குலம். நான் கொடுத்திருந்தது இரண்டு.

“அன்னைக்கும் நாலு விரலா?”

“மூணரை. என் கையாலேயே வெச்சுப் பார்த்தேன்.” ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் திரும்பவில்லை. “உங்க தாள்ல இடம் கம்மியா தெரிஞ்சுதுன்னு சீட்டு அனுப்பிக் கேட்டேனே சார். ‘எத்தனை விரல் விலகலாம்?’னு. என்ன எழுதி அனுப்பினீங்க, ஞாபகம் இருக்கா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

“‘நடுவில் என்றால் நடுவில்’. சிவப்பு மையில. கீழ ரெண்டு கோடு” என்று அவனே சொன்னான்.

“அதை விசாரணையில காட்டியிருக்கலாமே?”

“காட்டலேங்கறீங்களா? பெரியவர் தனியா கூப்பிட்டு வாங்கிப் படிச்சுட்டு, ‘படிச்சவர் தெளிவாத்தானே எழுதியிருக்காரு, உனக்கு நடு தெரியாதா?’ன்னு கேட்டாரு.” மேடையின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாலு வருஷம் மறுபடி கூலி வேலை. எனக்குக் கீழ இருந்தவனுங்க எனக்கு வேலை சொன்னானுங்க. போய்ட்டு வாங்க சார், லாரி நிக்குது.”

மார்ச் 24, திங்கள்

சீட்டு வந்த அன்று அறையில் ஐந்தாறு பேர் இருந்தோம். நான் அதை உரக்கப் படித்தேன். “விரலாம்ப்பா! அடுத்து முழம், சாண்னு கேட்பானுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஒரு எண் எழுதியிருந்தால் போதும். ‘இரண்டு விரல்’. இரண்டே சொல். அந்த மனுஷன் டாங்கியை இறக்கி மறுபடி ஏத்தியிருப்பார், அவ்வளவுதானே? எழுத என்ன கேடு எனக்கு? கை முறிஞ்சா போச்சு? கேட்டது விரல்ல, கேட்டவர் யார்டு ஆளு — அதனாலதானே?

கணக்கு தப்பில்லை. இன்று மூன்றாவது முறையாகப் போட்டுப் பார்த்தேன், தப்பே இல்லை. தப்பாக இருந்திருந்தால் தேவலை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘ம்’ சொல்லவில்லை. “அவரை வீட்டுக்குக் கூப்பிடுங்க” என்றாள்.

மார்ச் 29, சனி

வந்தார். என் மன்னிப்பை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்துவிட்டு நேரே வேகன்களிடம் போனார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். மடங்கும் கம்பங்களைத் தொட்டுப் பார்த்தார்.

“இதை யார் சொல்லிக் கொடுத்தா?”

“முட்டி நின்னுச்சு. அப்புறம் யார்டுல போய்ப் பார்த்தேன்.”

“பரவாயில்லையே. முட்டினா புத்தி வருது.”

மனைவி உள்ளே சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

டாங்கியைக் கட்டும் சங்கிலி குறுக்காகப் போகவேண்டுமாம், நான் அதற்காக வைத்த நூலை நேராகப் போட்டிருந்தேன். குறுக்காகப் போட்டால் பக்கவாட்டிலும் பிடிக்கும், முன்பின்னும் பிடிக்கும் என்று நூலை இழுத்துக் காட்டினார். பீரங்கிக் குழாயை ஏன் பின்பக்கம் திருப்பிக் கட்டுகிறார்கள், கட்டையில் ஆணியை ஏன் சாய்த்து அடிக்கிறார்கள் — கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினெட்டு வருடத்தில் இத்தனை கேள்வி நான் யாரிடமும் கேட்டதில்லை.

கிளம்பும்போது அவராகவே ஆரம்பித்தார். “என் மருமகன்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க, நான் டாங்கியைக் கோணலா வெச்சு வேலை போனவன்னு. இன்னைக்கும் குடும்பத்துல யாராவது எதையாவது கோணலா வெச்சா என்னைப் பார்த்துச் சிரிப்பாரு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுருவேன். வேற என்ன செய்ய?”

மன்னிப்பு என்ற சொல்லை நான் மறுபடி எடுத்தேன். “அதை என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது?” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

அட்டையைக் கிழித்தாயிற்று. புதிய வாசகம் வரவில்லை. எழுதுகிற ஒவ்வொன்றிலும் ‘ஆனால்’ என்று ஒரு சொல் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேசையை ரத்து செய்துவிடலாமா? காய்ச்சல் என்று சொன்னால் யார் வந்து தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 5, சனி

ஒன்பதாவது தடவை ‘ஆனால்’ இல்லாமல் எழுத முடிந்தது:

‘தாளில் கொடுத்த இடைவெளி இரண்டு அங்குலம். ஏற்றும் இடத்து வழக்கம் நான்கு விரல். எத்தனை விரல் விலகலாம் என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. — தாளை எழுதியவன்.’

எடைமேடைக்குப் போய்ப் படிக்கக் கொடுத்தேன். படித்தார். லாரி ரசீதுகளுக்கு நடுவே வைத்து இன்னொரு முறை படித்தார். “நாளைக்கு எனக்கு லீவுதான்” என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நல்ல கூட்டம். எல்லா மேசையிலும் ரயில் ஓடியது. எங்கள் மேசையில் மட்டும் ரயில் நின்றது, டாங்கி ஏறியது. அதனாலோ என்னவோ, எங்களைச் சுற்றித்தான் ஆட்கள். சங்கிலியோடு அவர் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் அட்டையை நின்று படித்தார். என்னைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து நின்றார்.

பெரியவர் தடி ஊன்றி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“என்னப்பா இது, பழைய கதையைக் கிளறிக்கிட்டு. ரெண்டு பேர் மேலயும் தப்புன்னுதானே அன்னைக்கே முடிச்சோம்?”

“இல்ல சார். ஒருத்தன் மேலதான்.”

“இவர் யாரு?”

“ஏத்தினவர். சரியா ஏத்தினவர்.”

பெரியவர் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “காட்டுங்க பார்ப்போம்” என்றார்.

நான் கைக்கருவியை எடுத்தேன். சங்கிலி நடந்து வரிசையின் மறுமுனைக்குப் போய், என் கண்ணுக்கு நேராக நின்று, இரண்டு கையையும் தூக்கினார். விரல்கள் அசைந்தன. நான் டாங்கியைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்து ஓட்டினேன். சாய்தளம். முதல் வேகன். இடைப்பலகை. இரண்டு, மூன்று. நான்காவதில் கையை மூடினார். நிறுத்தினேன்.

குனிந்து அளந்தார். மூன்று மில்லிமீட்டர், அசலில் நான்கு அங்குலம், இடது பக்கம்.

“நாலு விரலுக்கு மேல போயிருச்சு. இறக்கி ஏத்துங்க சார்” என்றார்.

இறக்கினேன்.