முதல் படகு

இஞ்சருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போதும் இதைவிட அன்பான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன், கேளுங்கள்.

படகுகளைக் கரையில் கட்டிப்போட்ட வாடைக்காற்று அடங்கும் காலம் வந்துவிட்டது. ஓலைத்தொடுவாய்க் கரையில் பழைய கதைதான். முதலில் இறங்கித் திரும்பும் படகின் மீன் கோவிலுக்கு. அந்தப் படகுக்காரனின் பெயர் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும். திருநாளில் புனிதரின் சொரூபத்தை முன்னால் நின்று தூக்குவதும் அவன்தான். நீங்கள் போனதால் இதில் ஒன்றும் மாறவில்லை.

கடல் உங்களை எடுத்த அன்றைக்கு, "காத்து இன்னும் விடேல்லை, பொறு" என்று பக்கத்துப் படகுச் சூசையண்ணை சொன்னார். "நான் முந்திப் போடுவன் எண்டு அவருக்குப் பயம்" என்று சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினீர்கள். உங்களைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகுதான் காற்று விழுந்தது. அந்த வருடம் சூசையண்ணைதான் முதல். முன்னால் நின்று தூக்கும்போது அழுதுகொண்டே வந்தார். ஆனாலும் தூக்கினார்.

முதல் படகின் பாரை மீனுக்கும் பத்தாவது படகின் பாரைக்கும் சட்டியில் என்ன வித்தியாசம்? நானும் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். வருடம் முழுக்க உங்களை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஒரு ஞாயிறாவது ஊர் முழுக்க உங்கள் பெயரைக் கேட்கட்டும் என்று நினைத்தீர்களா? கேட்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மரித்தோர் பூசையில் வாசிக்கிறார்கள்.

இப்போது ஊரில் நடந்த புதினத்தைக் கேளுங்கள். உங்கள் நினைவாக இந்த முறை நம் மகன் அன்ரன்தான் முதலில் இறங்க வேண்டும், அதுவரை ஒரு படகும் இறங்காது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. "அது உன்ர அப்பாவின்ர இடம், தம்பி" என்று சூசையண்ணையே வந்து சொன்னார். உங்கள் மகனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியே உங்கள் முகம்.

விடிய எல்லோரும் கரையில் நின்றார்கள். காற்று முழுதாக விழவில்லை. விழவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, மரியாதை செய்கிறார்களாம். நான் போய்ப் படகுக்கு முன்னால் ஈரமணலில் இருந்துவிட்டேன்.

"அம்மா, எழும்புங்கோ. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். என்னை ஏத்திக்கொண்டு தள்ளு."

அவன் தள்ளவில்லை. கடைசியில் வேறொருவன் முதலில் இறங்கினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகு நிறைய மீனோடு மத்தியானமே வந்துவிட்டான். கொடுத்த மரியாதையை எடுக்கத் தெரியாதவள் என்று ஊர் என்னைப் பேசுகிறது. அன்ரன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா இருந்திருந்தால் தன்னை இப்படித் தலைகுனிய விட்டிருக்க மாட்டார் என்று தன் தங்கச்சியிடம் சொன்னானாம். விட்டிருக்க மாட்டீர்கள்தான். அதுதானே என் பயம்.

அவன் பேசாமலே இருக்கட்டும். சாப்பிட வருகிறான். சோற்றுக் கோப்பையை வைக்கிறேன், தின்கிறான், இன்னும் கொஞ்சம் சோறு போடுகிறேன், வேண்டாம் என்று சொல்வதில்லை.

அடுத்த வாடை முடியும்போதும் அந்த மணலில் இருப்பேன். நான் கண்மூடும் வரை இந்த வீட்டுப் படகு முதலில் இறங்காது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. பிடிக்காவிட்டால் வந்து என்னை அங்கிருந்து எழுப்புங்கள், பார்ப்போம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உங்கள் மகனின் தாய்